இடது பக்கம் கடல்

மார்ச் 3, திங்கள்

நேற்று மதியம் வந்து சேர்ந்தேன். உடனே எழுத உட்காரவில்லை.   

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தேழு வருஷம் ஷிப்ட் முடிந்ததும் நோட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். எந்த இயந்திரம் ஓடியது, எது மக்கர் செய்தது, எத்தனை விரிப்பு கிழிந்தது, எல்லாம். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் எழுதக் கற்றது அந்த நோட்டில்தான். இப்போது ஷிப்ட் இல்லை. நோட்டு மட்டும் இருக்கிறது.

அறையில் இரண்டு கட்டில், ஓர் அலமாரி. அலமாரிக் கதவு பாதிதான் மூடும். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏசி பெட்டிகள் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருக்கின்றன. கடற்கரை ஓட்டல் என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். கடல் வாடகை கொடுப்பவர்களுக்கு. பின்சந்து எங்களுக்கு.

பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரசீது கேட்டேன். குமாஸ்தா சிரித்தார். நான் நகரவில்லை. எனக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள், அப்புறம் எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டுச் சீட்டை நாலாய் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து இருபது தடவை தொட்டுப் பார்த்திருப்பேன். அது தொலைந்தால் இந்த ஊரில் நான் யார்?

வேலை பத்தாம் தேதிதான் தொடங்கும். சலவைக்கூடத் தலைமை. "அதுவரைக்கும் ஊரைச் சுத்திப் பாருங்கம்மா, பீச் இருக்கு" என்றார் குமாஸ்தா, என்னமோ நான் விருந்துக்கு வந்தவள் மாதிரி.

அறையில் கூட இருப்பவள் ஓட்டல் சமையலறையில் காய் வெட்டுகிறவள். முப்பத்தைந்து இருக்கும். "வாங்கம்மா" என்றாள். "அம்மான்னு கூப்பிடாதே. பெத்தது ஒண்ணு இருக்கு, அதுவே போதும்" என்றேன்.

"சரிக்கா. நான் குறட்டை விடுவேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது."

காலையில் எழுந்ததும் கேட்டாள், ரொம்பத் தொந்தரவா என்று. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் எனக்கு அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வரும்.

மகள் போன் செய்தாள். "பிடிக்கலைன்னா அடுத்த பிளேன்ல ஏறிடும்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்களாம். மாப்பிள்ளை பேப்பருக்குப் பின்னால் சிரிப்பார், அது போதாதா? நான் வீட்டோடு இருந்து சமைத்துப் போட்டு, பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வரவேண்டும் என்பது அவர்கள் திட்டம். வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்: "ரெண்டு வருஷம் முடியாம இந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்."

சொன்னது சொன்னதுதான்.

மார்ச் 4, செவ்வாய்

கடற்கரைக்குப் போனேன். சந்து முடிந்து, குப்பை வண்டி நிற்கும் இடம் தாண்டி, ஒரு கம்பிக் கதவு. திறந்தால் எதிரே கடல். கால் அப்படியே நின்றுவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவை பார்க்கிறேன். இவ்வளவு பெரிது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அது என்னை நோக்கி வருவதும் போவதுமாக இருந்தது. கம்பிக் கதவைப் பிடித்த கையை எடுக்க முடியவில்லை.

சாய்வு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத் துண்டு. கடலைப் பார்க்க முடியாமல் துண்டைப் பார்த்தேன். வெள்ளை இல்லை, சாம்பல். கடைசி அலசலில் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறார்கள். ஓரத்தில் நூல் பிரிகிறது, ப்ளீச் அதிகம். ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. அதன் மறுமுனையில் படுத்திருந்த ஆள் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி என்னை முறைத்தார். முறைத்துக்கொள்ளட்டும். இன்னும் ஆறு நாளில் அந்தத் துண்டு என் பொறுப்பு.

துண்டைத் தொட்ட அந்த ஒரு நிமிஷம் மட்டும் பயம் இல்லை.

மார்ச் 5, புதன்

குமாஸ்தா ஒரு தாள் கொடுத்தார். சனிக்கிழமை உடல் பரிசோதனை. ரத்தம், மார்பு, கண், காது.

"காதுமா?"

"மெஷின் பக்கம் நிக்கிற எல்லாருக்கும் காது பாப்பாங்கம்மா. தேறலைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

எனக்கென்ன, என் காது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளை வாங்கியதிலிருந்து எடுத்து எடுத்துப் படிக்கிறேன். ஏன் என்று எனக்குத் தெரியும். எழுதிவிடுகிறேன். இதுவரை எந்த நோட்டிலும் எழுதியதில்லை. என் பக்கம் நியாயம் இருக்கிறது, எழுதுவதற்கு என்ன?

ரோலர் என்பது சூடான பெரிய உருளை. ஈர விரிப்பை ஒரு பக்கம் விட்டால் மறு பக்கம் காய்ந்து, இஸ்திரி போட்டு வெளியே வரும். விடுகிறவள் அந்தப் பக்கம், வாங்குகிறவள் இந்தப் பக்கம். விடுகிற பக்கம் ஒரு சிவப்புக் கயிறு இருக்கும், இழுத்தால் உருளை நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் அந்தக் கயிறு அறுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். ஒருத்தரும் வந்து பார்க்கவில்லை. அதனால் நாங்களே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். விடுகிறவள் 'நிறுத்து' என்று கத்துவாள், வாங்குகிறவள் தன் பக்கத்துப் பொத்தானை அமுக்குவாள்.

போன வருஷம் ஒரு நாள். மற்றவர்கள் டீக்குப் போயிருந்தார்கள். விட்டவள் நெட்டை. பனைமரம் மாதிரி உயரம், அதனால் அந்தப் பேர். வாங்கியவள் நான். மடிப்பதற்காக வலது பக்கம் திரும்பியிருந்தேன். விரிப்பு கோணலாக இழுத்தது. என்ன என்று பார்த்தேன். விரிப்போடு அவள் கை போயிருந்தது. பொத்தானை அமுக்கினேன். இரண்டு விரல் போய்விட்டது.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "அவள் கத்தினாளா?" என்று கேட்டார்கள். "இல்லை. கத்தியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்" என்றேன். கையெழுத்துப் போட்டேன். அவளுடைய அஜாக்கிரதை என்று எழுதி முடித்து, அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அவள் கத்தினேன் கத்தினேன் என்று அழுதாள். கத்தாததைக் கத்தினாள் என்று நான் எப்படிச் சொல்வேன்? அதன் பிறகு என் முதுகுக்குப் பின்னால் பேச்சு. அக்காவுக்குக் காது மந்தமாம். ஸ்டோர்காரன் எனக்கு 'டமாரம்' என்றே பேர் வைத்தான். இருபத்தேழு வருஷம் உழைத்தவளுக்கு அந்தப் பேர். நாலு மாதம் பொறுத்தேன். சாவிக்கொத்தை மேசையில் வீசிவிட்டு வந்தேன்.

இதுதான் நடந்தது.

மார்ச் 6, வியாழன்

இன்று செத்திருப்பேன். முழங்கால் தண்ணீரில் யாராவது சாவார்களா? சாவார்களாம்.

தினமும் கம்பிக் கதவில் நின்று பயந்துகொண்டிருந்தால் ஆகாது என்று கரையோரமாக நடந்தேன். கணுக்கால் வரை தண்ணீர். பிறகு முழங்கால் வரை. கடல் எனக்கு இடது பக்கம். நிற்காமல் நடந்தேன். பயத்துக்கு நான் அடங்கினேன் என்று இருக்கக்கூடாது.

திடீரென்று கடல் பக்கமிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்து இழுத்தது. உயிரே போய்விட்டது. கடற்கரைக் காவலாளி. மூச்சு வாங்கிக்கொண்டு எனக்குப் புரியாத மொழியில் கத்தினான். நான் எனக்குத் தெரிந்த மொழியில் கத்தினேன். மேலே கை வைக்கிறாயா என்று கேட்டேன். அவன் இரண்டடி தள்ளிக் காட்டினான். அங்கே சிவப்புக் கொடி நட்டிருந்தது, அதற்கு அப்பால் தண்ணீரின் நிறமே வேறு. அவன் அதில் காலை ஊன்றிக் காட்டினான். ஆள் இடுப்பு வரை பொசுக்கென்று இறங்கிவிட்டான், தண்ணீர் பக்கவாட்டில் இழுக்கிறது. பிறகு கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்துக் காட்டி, விரல்களை விரித்தான். ஐந்து. மறுபடியும் ஐந்து. பத்துத் தடவை ஊதினானாம்.

என் அறைக் காய்க்காரி வேலைக்குப் போகும் முன் சுவரில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். ஓடி வந்தாள். அவளிடம் சொன்னேன்: "பொய் சொல்றான். ஊதவே இல்லை. ஊதியிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்."

"ஐயோ அக்கா, ஊதினான். பீச்சே திரும்பிப் பார்த்துச்சு. நீங்க மட்டும் மகாராணி மாதிரி போய்க்கிட்டே இருந்தீங்க."

அவளோடும் சண்டை போட்டேன். "நீங்க சண்டை போடறதுக்குன்னே பிளேன் ஏறி வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

இப்போது எழுதும்போது பேனா நிற்கிறது. ஊதியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். இதே வாக்கியத்தை நேற்றும் எழுதியிருக்கிறேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. ஒரு சொல்தான் வேறு.

மார்ச் 7, வெள்ளி

இயந்திரத்தில் சந்தேகம் வந்தால் ஓட்டிப் பார்ப்பேன். அதுபோல இன்று என்னை ஓட்டிப் பார்த்தேன்.

கம்பிக் கதவிலிருந்து காவல் மேடை வரை நடந்தேன். தண்ணீரில் இல்லை, மணலில். போகும்போது கடல் இடது பக்கம். சத்தம் இருந்தது, ஆனால் பக்கத்து வீட்டில் யாரோ அரிசி புடைப்பது மாதிரி. மேடையைத் தொட்டுத் திரும்பினேன். கடல் வலது பக்கம் வந்தது. அடேயப்பா, என்ன இரைச்சல்! அதே கடல்தான். மறுபடி போனேன், மறுபடி வந்தேன். ஆறு தடவை. நாற்காலிக்காரர்கள் ஏதோ பைத்தியம் என்று பார்த்தார்கள்.

கடைசியில் கடலைப் பார்த்து நின்று, வலது காதை விரலால் அடைத்தேன்.

அலை எழுந்தது. மடங்கியது. நுரையோடு விழுந்தது. சத்தம் இல்லை. சத்தமே இல்லை. என் காலடி வரை வந்து திரும்பிப் போனது, ஒரு வார்த்தை சொல்லாமல்.

மணலில் உட்கார்ந்துவிட்டேன்.  குறட்டை ஏன் கேட்கவில்லை என்று தெரிந்தது. நல்ல காதைத் தலையணையில் புதைத்துப் படுக்கிறேன். போனை ஏன் எப்போதும் வலது காதில் வைக்கிறேன், மகள் இடது பக்கம் உட்கார்ந்தால் ஏன் 'தெளிவாப் பேசுடி' என்று எரிந்து விழுகிறேன். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இருபத்தேழு வருஷம் பிழியும் இயந்திரம் என் இடது பக்கம்தான் அலறிக்கொண்டிருந்தது.

நெட்டை கத்தியிருக்கிறாள்.

 காது கெட்டது என் குற்றமில்லை. யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் 'எனக்குக் கேட்கவில்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'அவள் கத்தவில்லை' என்று சொன்னேனே? அதை எந்தக் காது சொல்லச் சொன்னது?

நாளை பரிசோதனை. தேறாவிட்டால் ஊருக்கு. கால் வைக்க மாட்டேன் என்று சொன்ன அந்த வாசலுக்கு.

மார்ச் 8, சனி

தேறிவிட்டேன்.

கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டார்கள். 'கீ' என்று சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். வலது காது எளிதாக முடிந்தது. இடது காதில் ஒன்றும் வரவில்லை.  கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதிப்பவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தடவை அவர் விசையைத் தட்டும்போதும் அவருடைய வலது தோள் ஒரு நூல் அளவு எழும்பியது. ஓடுகிற இயந்திரத்தைக் கண்ணாலேயே படித்தவள் நான். தோள் எழும்பியது, அமுக்கினேன். எழும்பியது, அமுக்கினேன். ஒன்றிரண்டை வேண்டுமென்றே விட்டேன், சந்தேகம் வராமல் இருக்க.

"வெரி குட், இந்த வயசுக்கு" என்று தாளில் முத்திரை குத்தினார்.

காய்க்காரி கட்டிப்பிடித்துக்கொண்டாள். மகளிடம் சொன்னேன், "அப்ப வரமாட்டியாம்மா" என்றாள். சந்தோஷப்பட வேண்டும். நேற்றைவிட அதிகமாகப் பயமாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

நாளைக்கு முன் இடத்தைப் பார்த்துவிடலாம் என்று சலவைக்கூட மேலாளரிடம் அனுமதி வாங்கிப் போனேன். நம் மொழிக்காரர், நல்ல மாதிரி. சுற்றிக் காட்டினார். பிழியும் இயந்திரம் மூன்று, உலர்த்துவது நாலு, ரோலர் ஒன்று. புதிய ரோலர். ஆஸ்பத்திரியில் இருந்ததைவிட இரண்டு மடங்கு நீளம். எதிரில் போய் நின்று முதலில் கயிற்றைத் தேடினேன்.

விடுகிற பக்கம் சிவப்புக் கயிறு இருந்தது. அறுந்திருக்கவில்லை. ஆனால் உயரத் தூக்கி முடிச்சுப் போட்டு, அதில் கை துடைக்கும் துணிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"இது எதுக்கு இப்படிக் கட்டியிருக்கு?"

விரிப்பு விட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பாமலே சொன்னாள்: "கை பட்டு அடிக்கடி நின்னுடுதுக்கா, வேலை கெட்டுப்போகுது. நாங்க கத்துவோம், அந்தப் பக்கம் இருக்கிறவங்க அமுக்கிடுவாங்க. நாளையிலேருந்து அது நீங்கதான். நல்லாக் கேக்குமில்ல?" என்று சிரித்தாள்.

தலைவி நிற்கும் இடத்தைக் காட்டினார்கள். அங்கே போய் நின்றேன். மடிக்கும் மேசை வலது பக்கம். அந்தப் பெண் எனக்கு இடது பக்கம்.

உதடு அசைந்தது. ஏதோ சொல்கிறாள். தலையாட்டினேன். என்ன சொன்னாள் என்று தெரியாது.

முடியாது. என்னால முடியாதுடி அம்மா. இன்னொரு கை போறதை என்னால பார்க்க முடியாது.

மார்ச் 10, திங்கள்

ஏழரைக்கே மேலாளர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"சார், எனக்கு இடது காது கேக்காது."

தாளைப் புரட்டினார். "ரிப்போர்ட்ல எல்லாம் சரியா இருக்கேம்மா."

"ரிப்போர்ட் தப்பு. நான் ஏமாத்தினேன்." எப்படி என்றும் சொன்னேன். அவர் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் பேனாவை மூடித் திறந்தார்.

"இதை ஏம்மா எங்கிட்ட வந்து சொல்றீங்க? மேல தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க. சும்மா இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"ஒரு பொண்ணு கத்துற அன்னிக்குத் தெரியும் சார்."

அதற்கு மேல் ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. முழுசாகச் சொன்னேன். வாய்விட்டு ஒரு ஆளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் பேனாவை வைத்துவிட்டார். "ரூம்ல இருங்க. சொல்லி அனுப்பறேன்" என்றார்.

வெளியே வரும்போது சொன்னேன், என்னை அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி, அந்தக் கயிற்று முடிச்சை இன்றைக்கே அவிழ்க்க வேண்டும் என்று. பெட்டி கட்டப்போகிறவள் உத்தரவு போடுகிறாள் என்று நினைத்திருப்பார்.

மார்ச் 11, செவ்வாய்

சொல்லி அனுப்பவில்லை.

மார்ச் 12, புதன்

இன்றும் இல்லை. துணிகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். காய்க்காரி வெள்ளரிக்காய்த் துண்டுகளைக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே.

"பயமா இருக்காக்கா?"

"எனக்கென்ன பயம்?"

"சரி, இல்லை. சாப்பிடுங்க."

மார்ச் 14, வெள்ளி

மறுபடி பரிசோதித்தார்கள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இடது காது கிட்டத்தட்ட இல்லை என்று எழுதினார்கள்.

தலைமை கிடையாது. இயந்திரங்கள் பக்கமே போகக்கூடாது. கறை மேசை வேண்டுமானால் தருகிறார்கள். எண்ணெய், உதட்டுச் சாயம், ரத்தம் பட்ட துணிகளைத் தனியாக எடுத்துக் கையால் நீக்குகிற இடம். மூலையில், சுவரோரம். எனக்கு மேலே முப்பது வயதுக்காரி ஒருத்தி தலைவி. என்னைவிட வேலை தெரியாதவள், பார்த்தாலே தெரிகிறது.

தாளை நீட்டினார் மேலாளர். நான் கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு ஷிப்டும் தொடங்கும் முன் எல்லோர் முன்னாலும் சிவப்புக் கயிற்றை இழுத்துப் பார்க்க வேண்டும், அதை நோட்டில் எழுத வேண்டும், கத்துகிற பழக்கம் கூடாது. இதை எழுதினால்தான் போடுவேன் என்றேன்.

"உங்களுக்கு வேலை குடுக்கறதே பெரிசு. நீங்க நிபந்தனை போடறீங்களா?"

"ஆமா சார்."

முக்கால் மணி நேரம் ஆனது. எழுதினார்.

மார்ச் 16, ஞாயிறு

ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி முடித்தேன். ஐந்து தடவை கிழித்தேன். 'விசாரணையில் நான் சொன்னது தவறு. அவள் கத்தினாள். எனக்குக் கேட்கவில்லை. கயிறு அறுந்திருந்ததை இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன், பழைய நோட்டில் தேதி இருக்கும்.' அனுப்பினால் என்ன வரும் என்று தெரியாது. கூப்பிடுவார்கள், கேள்வி கேட்பார்கள், மாப்பிள்ளைவரை விஷயம் போகும். 

அனுப்பும் முன் அவளிடம் சொல்ல வேண்டும். நெட்டையின் எண் என் போனில் இருந்தது. ஒரு வருஷமாக அழிக்கவுமில்லை, அழைக்கவுமில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே போய், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று அழைத்தேன்.

"யாரு?"

"நான்தான். லாண்டரி அக்கா."

சத்தமே இல்லை. பேசவில்லையா, எனக்குக் கேட்கவில்லையா? வலது காதில்தான் வைத்திருந்தேன். பேசவில்லை.

"என்னக்கா வேணும்?"

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி மறுபடி படித்தேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் கடிதத்தில் எழுதியிருக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"எத்தனை தடவைன்னு எழுதலையா?"

"எத்தனை தடவை?"

"மூணு. ரெண்டு தடவை 'நிறுத்து'ன்னு கத்தினேன். மூணாவது தடவை 'அக்கா'ன்னு கத்தினேன்."

வைத்துவிட்டாள்.

அறைக்கு வந்து கடிதத்தைத் திறந்தேன். 'கத்தினாள்' என்பதை அடித்துவிட்டு, அவள் சொன்னபடி எழுதினேன். இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதினேன். நாளை எட்டு மணிக்குக் கறை மேசை. தபால்பெட்டி போகிற வழியில்தான் இருக்கிறது.